கஸ்பார் சாப்பிட்ட வீடு

ராயப்பர்துறையில் கஸ்பாரின் மனைவி மெட்டில்டா விளமீன் குழம்புக்கு அரைத்து ஊற்றி மூடிவைத்த சட்டியைத் திறந்தபோது உள்ளே மீனும் இல்லை, புளியும் இல்லை, அவள் ஒரு மணி நேரம் அம்மியில் அரைத்த தேங்காயும் இல்லை. கரும்பச்சையாக ஏதோ கீரைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதில் ஆட்டுக்கறித் துண்டுகளும் சிவப்பு பீன்சும் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிப்போன கறுப்பு எலுமிச்சை இரண்டும் மிதந்தன. அவள் மூடியை மறுபடி மூடிவிட்டுப் பக்கத்து வீட்டு லெயோனாளைக் கூப்பிட்டாள். லெயோனாள் ஊரில் பிள்ளைபெற்ற வீடுகளுக்கெல்லாம் போய் மருந்து கிண்டிக்கொடுப்பவள், சட்டிக்குள் இருப்பதை மூக்காலேயே சொல்லிவிடக்கூடியவள். அன்றைக்கு அவள் மூக்குக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

"விளமீனை எங்க ஏளா?" என்று கேட்டாள்.

"தெரியாது மைனி. நான் போடும்போது இருந்துச்சு."

எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அதிசயம் வந்தால் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் விசாரிப்பார்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் வாங்கிப்போய், நன்றாக இருக்கிறது, உறைப்புதான் இல்லை, என்று ஒரு முடிவுக்கு வந்தபிறகு, இதைப்பற்றிக் கேட்க ஊரில் ஒரே ஆள்தான் உண்டு என்று தொபியாசைக் கூட்டிவந்தார்கள். தொபியாஸ் ஏழு வருஷம் ஈரானில் படகுக்குப் போய், வலை இழுக்கும் விஞ்சில் கால் மாட்டி, ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து வலை கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு கரண்டி வாயில் வைத்தான், மெல்லவில்லை, அப்படியே வைத்திருந்தான்.

"இது அந்த ஊரு சாப்பாடு" என்றான். "கோர்மே சப்ஜின்னு சொல்லுவாவ."

மெட்டில்டாவின் கணவன் கஸ்பாரும் ஈரானில்தான் இருந்தான். எங்கள் கடற்கரையிலிருந்து ஆண்கள் அந்த ஊர் முதலாளிகளின் படகுகளுக்குப் போவது புதிதல்ல; போவார்கள், இரண்டு வருஷம் கழித்து ஒரு கம்பளியும் ஒரு பெட்டி பிஸ்தாவுமாக வருவார்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு மறுபடி போவார்கள். கஸ்பார் என்பது குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவரின் பெயர், அந்த ராஜாக்கள் பாரசீகப் பக்கத்துக்காரர்கள்தான் என்று உபதேசியார் ஒருமுறை சொல்லிவைத்ததால், அவன் கிளம்பும்போது ராஜா சொந்த ஊருக்குப் போகிறார் என்று எல்லோரும் கேலி பேசி அனுப்பிவைத்தார்கள். முதலில் தினமும் கூப்பிட்டான். மெட்டில்டா எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டியளா?" என்பதுதான், அவனும் படகில் என்ன பொங்கினார்கள், எது தீய்ந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லுவான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டான், பிறகு திருநாளுக்குத் திருநாள் கூப்பிட்டான், பிறகு ஒரு ஈஸ்டருக்குக் கூப்பிட்டு, தொண்டை சரியில்லை என்று பாதியில் வைத்துவிட்டான். அதற்குப்பின் கூப்பிடவில்லை. மகள் ஜெனிஷாவுக்கு அப்போது இரண்டு வயது. சட்டி மாறியது அதற்கு மூன்றாவது வாரம்.

மறுநாள் அவள் சோறு வைத்தாள். பானையைக் கவிழ்த்தபோது கேக் போல வட்டமாக வந்து விழுந்தது, மேலெல்லாம் பொன்னிறத்தில் முறுகிய அடிச்சோறு, அதற்குள் குங்குமப்பூ மணக்கும் உதிரிச் சோறு. அதற்கடுத்த நாள் பருப்புக் குழம்பு வைத்தாள், மாதுளையும் வால்நட்டும் போட்டு வற்றிய கோழியாக வந்தது. லெயோனாள் தன் வீட்டு அடுப்பில் வந்து பொங்கிப் பார்க்கச் சொன்னாள், அங்கும் அப்படியே வந்தது. லெயோனாளை மெட்டில்டாவின் அடுப்பில் பொங்கவைத்தார்கள், ரசம் ரசமாகவே வந்தது. ஆகவே இது அடுப்பின் வேலையில்லை, சட்டியின் வேலையில்லை, மெட்டில்டா கையின் வேலை என்று ஊர் தீர்மானித்தது. கஸ்பார் எந்த வீட்டில் சாப்பிடுகிறானோ அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறதோ அதுதான் அவன் பெண்டாட்டி கையிலும் வேகும் என்பதும் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்த ஊர் மதியம் நம் ஊரைவிட இரண்டு மணி நேரம் பிந்தியது, மெட்டில்டா பன்னிரண்டு மணிக்கே உலை வைத்தாலும் மூன்று மணிக்கு முன்னால் ஒரு அரிசிகூட வேகாது.

எந்த வீட்டில் என்பதைத்தான் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முதலில் படகுச் சாப்பாடு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஒரு சாயந்திரம் மெட்டில்டா பணியாரம் சுடலாமென்று மாவு ஊற்றினாள், சட்டியிலிருந்து கடலைமாவில் செய்த சின்னஞ்சிறு பிஸ்கட்டுகள் வந்தன, ஒவ்வொன்றும் மூன்று இதழ் பூவாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு பிஸ்தாத் துருவலோடு, வாயில் வைத்தால் மாவாகக் கரைகிற பதத்தில் இருந்தன. லெயோனாள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெட்டில்டா இருக்கிறாள் என்பதை மறந்து சொல்லிவிட்டாள்.

"படகுல எந்தப் பயலும் பூ வெட்டிக்கிட்டு இருக்கமாட்டான். இது வீட்டுச் சமையலுல்லா."

மெட்டில்டா அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள். அவளுக்கு அது முதல் வாரமே தெரிந்திருந்தது. வெங்காயத்தைக் கருகவிடாமல் அவ்வளவு பொறுமையாக வறுத்திருந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, யாரோ ஒருத்தி யாருக்கோ பிடிக்க வேண்டும் என்று நினைத்து வறுத்த வெங்காயம் அது. அவள் தொபியாசிடம் போய்க் கேட்டாள். கடலுக்கு அப்பால் நடந்ததைக் கரையில் சொல்வதில்லை என்பது எங்கள் ஊர் ஆண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு, சத்தியம் வாங்காமலேயே காப்பாற்றுவார்கள். தொபியாஸ் வலை ஊசியைப் பார்த்துக்கொண்டே, அங்கே எல்லோரும் ஓட்டலில்தான் சாப்பிடுவார்கள், ஓட்டல் சாப்பாடு அவ்வளவு நன்றாக இருக்கும் என்றான். மெட்டில்டா அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பொங்குவதை விட்டுவிடு, நாங்கள் ஆளுக்கொரு நாள் சோறு தருகிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கருவாடு காயப்போடுகிற வேலையை முடித்துவிட்டு வந்து தினமும் அடுப்பு மூட்டினாள், தினமும் கஸ்பார் வருவான் என்று நினைத்தாள், தினமும் அந்த இன்னொருத்தியின் சமையலை மகளுக்கு ஊட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் திரும்பி வந்து இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், மகள் அவனை அப்பா என்று கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான், இன்றைக்கும் சாப்பிட்டான் என்று சொல்ல அவளுக்கு இந்தச் சட்டியை விட்டால் வேறு ஆள் இல்லை. இப்போதெல்லாம் சாப்பிட்டியளா என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஊரும் பழகிக்கொண்டது. மூன்று மணிக்கு மெட்டில்டா வீட்டுப் பக்கம் கிண்ணத்தோடு போவது ஒரு வழக்கமாகிவிட்டது, அவள் ரேஷன் அரிசியையும் வாடிய கத்தரிக்காயையும் போட்டு மூடினால் போதும், அதிலிருந்து ஆட்டுக்கறியும் உலர்ந்த சிவப்புப் பழம் தூவிய சோறும் வரும். ராயப்பர் திருநாளுக்கு அசனம் பொங்க அவளை வரவேண்டாம் என்று கமிட்டி முதலில் சொன்னது, பிறகு கூடிப் பேசி, அவள்தான் வரவேண்டும் என்று சொன்னது. அந்த வருஷம் எண்ணூறு பேர் கோயில் மணலில் உட்கார்ந்து குங்குமப்பூச் சோறு சாப்பிட்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, கறி தொடக்கூடாத நாளில், அவள் ஒருசந்திக் கஞ்சி வைத்தாள், முழு ஆட்டுத்தொடை வந்துவிட்டது. பயந்துபோய்ப் பங்குச் சாமியாரிடம் ஓடினாள். அவர் நீண்ட நேரம் யோசித்தார்.

"நீ என்ன போட்ட?"

"கஞ்சிதான் சாமி."

"அப்போ நீ கஞ்சிதான் குடிச்ச. போ" என்றார்.

ரம்சான் மாதம் எப்போது பிறந்தது என்பதை எங்கள் ஊரில் மெட்டில்டாவின் சட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அந்த மாதம் முழுக்க விடியற்காலை ஒருமுறை வெந்தால், அப்புறம் பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகும்வரை தண்ணீர்கூடச் சூடாகாது. அவன் அங்கே நோன்பிருக்கிறானா, யாருடைய சாமியைக் கும்பிடுகிறான் என்று ஊரில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். ஜெனிஷாவுக்கு அந்த மாதத்து விடிகாலைச் சாப்பாட்டில் வரும் பேரீச்சம்பழம் போட்ட இனிப்பு மிகவும் பிடிக்கும், அதை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

வருஷங்கள் போகப்போக மெட்டில்டா அந்த இன்னொருத்தியைப் படித்துவிட்டாள். முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் கை தெரியும். எலுமிச்சை போடுவதில் தாராளம், உப்பில் பயம், திங்கட்கிழமைகளில் சோம்பல். வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருவார்கள், அன்றைக்கு அடிச்சோறு இரண்டு விரல் கனத்துக்கு முறுகியிருக்கும். சில நாட்கள் குழம்பு உப்புக் கரித்து, சோறு தீய்ந்து வரும்; அங்கே சண்டை என்று அர்த்தம். அந்த நாட்களில் மெட்டில்டா இரண்டு தட்டு சாப்பிட்டாள், கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில் பத்து நாள் ஒரே பண்டம் வந்தது. எதைப் போட்டாலும் அதுவே வந்தது: மாவை நெய்யில் வறுத்து, சர்க்கரையும் குங்குமப்பூவும் பன்னீரும் விட்டுக் கிண்டிய களி, மேலே நெய் மிதந்தது. அதோடு கையும் மாறியிருந்தது. இது வயதான கை, நெய்க்குப் பயப்படாத கை, மகள் வீட்டுக்கு வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்ட ஒரு தாயின் கை. லெயோனாள் ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சட்டியை மூடினாள். எத்தனை வீட்டில் அவள் கிண்டிக் கொடுத்திருப்பாள்.

"சொல்லுங்க மைனி" என்றாள் மெட்டில்டா.

"என்னத்தச் சொல்ல. பிள்ளபெத்தவளுக்குக் குடுக்கதுளா இது."

மெட்டில்டா அந்தப் பத்து நாளும் பச்சைத் தண்ணீரும் அவலும் மட்டும் சாப்பிட்டாள். ஜெனிஷா மூன்று வயதுக் குழந்தை, அவளுக்கென்ன தெரியும், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கிண்ணத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். பதினோராம் நாள் பழைய கை திரும்பி வந்தது, தூக்கமில்லாத கை, அரைவேக்காட்டுச் சோறு. மெட்டில்டா அதைச் சாப்பிட்டாள். தன் மகள் பிறந்தபோது தானும் இப்படித்தான் சமைத்தாள் என்று லெயோனாளிடம் சொன்னாள். லெயோனாளுக்கு அழுகை வந்தது, மெட்டில்டாவுக்கு வரவில்லை.

அதற்குப்பின் எங்கள் ஊர்ப் பெண்கள் பேசும் பேச்சும் மாறியது. முதலில் அந்த மூதேவி என்றார்கள். பிறகு ஈரான்காரி என்றார்கள். பிறகு ஈரான்காரி இன்னைக்கு என்ன வச்சிருக்கா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள், இரண்டு நாள் சட்டி சுமாராக இருந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்கள். மெட்டில்டா மட்டும் அவளை எப்படியும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நல்லது சொன்னதில்லை, கெட்டது சொன்னதில்லை. ஜெனிஷா வளர்ந்தாள். அம்மா கையில் வேறொருத்தி சமைக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும், மற்ற வீடுகளில் அப்படி இல்லை என்பதும் தெரியும், அதைப்பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாவது வருஷம் தை மாதத்தில் சட்டியில் கறி வருவது நின்றது. பார்லிக் கஞ்சி வந்தது, வடிகட்டிய கோழி ரசம் வந்தது, குழைய வேகவைத்த சோற்றில் தயிர் மட்டும் விட்டு வந்தது. உப்பே இல்லை. ஒரு வாரம் இரண்டு வாரமாகி, இரண்டு வாரம் இரண்டு மாதமானது. யாருக்கு நோய் என்று மெட்டில்டா யாரையும் கேட்கவில்லை. சட்டியின் முன் உட்கார்ந்து மூடியைத் திறந்து, ஒரு மிடறு குடித்துவிட்டு, நேற்றைக்கு இன்று கெட்டியாக இருக்கிறதா, கொஞ்சமாவது காரம் சேர்த்திருக்கிறாளா என்று பார்ப்பாள். கெட்டியான நாளில் முகம் தெளிந்து பூசைக்குப் போவாள், நீர்த்துப்போன நாளில் பாயை விட்டு எழுந்திருக்கமாட்டாள். அந்த இரண்டு மாதமும் யாரும் கிண்ணத்தோடு போகவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அவள் பார்லியை எதிர்பார்த்து மூடியைத் திறந்தாள், மீன் குழம்பு இருந்தது.

அது யாருடைய மீன் குழம்பு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ராயப்பர்துறையில் முந்நூறு வீடு உண்டு, தேங்காயோடு ஒரு கை வறுத்த பச்சரிசியைச் சேர்த்து அரைக்கிறவள் மெட்டில்டா ஒருத்திதான், அது அவள் தாய்வீட்டு வழக்கம், கல்யாணமான புதிதில் கஸ்பார் அதைக் கிண்டல் செய்து, பிறகு வேறு குழம்பைத் தொடமாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு ஆகிப்போனவன். இப்போது அந்தக் குழம்பு அரைகுறையாகச் சட்டியில் வந்திருந்தது. தேங்காய்க்குப் பதில் ஈரான்காரி வால்நட் அரைத்திருந்தாள், மல்லித்தழை அள்ளிப் போட்டிருந்தாள், புளி பேருக்குத்தான் இருந்தது. அரிசி இருந்தது, ஆனால் வறுக்காத அரிசி. படுக்கையில் கிடந்தபடி அவன் சொல்லச் சொல்ல, ஒருபோதும் சாப்பிட்டறியாத ஒரு குழம்பை அவள் வைத்திருக்கிறாள் என்பதை மெட்டில்டா அடுப்பின்முன் நின்று புரிந்துகொண்டாள், அவன் தன்னை மறக்கவில்லை என்பதையும், அவன் இனி வரப்போவதில்லை என்பதையும் ஒரே வாயில் புரிந்துகொண்டாள். 

ஞாயிற்றுக்கிழமை தேங்காய் வந்திருந்தது, எங்கிருந்தோ தேடிப் பிடித்த உலர்ந்த தேங்காய்த் தூள். அரிசி இன்னும் பச்சையாகவே இருந்தது. அப்போதுதான் மெட்டில்டா ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவளிடம் பேசினாள். பக்கத்தில் இருந்த ஜெனிஷா அதைக் கேட்டாள்.

"அரிசிய வறுக்கணும் ட்டி" என்றாள் சட்டிக்குள் குனிந்து. "செவக்க வறுக்கணும். புளி பத்தாது, இன்னும் கொஞ்சம் கரச்சு ஊத்து. அவியளுக்குப் புளி தூக்கலா வேணும்."

அங்கே கேட்டதோ, அவன்தான் சொல்லித் திருத்தினானோ, எங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை புளி சரியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அரிசி சிவக்க வறுத்து, நைசாக அரைத்து, மீன் உடையாமல், கறிவேப்பிலைக்குப் பதில் வெந்தயக்கீரை போட்டிருந்ததைத் தவிர ஒரு குறையும் சொல்லமுடியாதபடி குழம்பு வந்திருந்தது. மெட்டில்டா ஒரு தட்டில் சோறு போட்டு அந்தக் குழம்பை ஊற்றி மெதுவாகச் சாப்பிட்டாள். நல்லா வச்சிருக்கா என்றாள். அவளைப்பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

புதன்கிழமை அல்வா வந்தது.

உளுந்தங்கஞ்சிக்குப் போட்ட சட்டியில், கருஞ்சிவப்பாக, நெய் மினுங்க, பன்னீர் மணக்க, தெருமுனைவரை மணக்க வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்களுக்கு அல்வா என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வருகிறவன் கையில் இருக்கும் பொட்டலம் அது, எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அப்பா வந்துவிட்டார் என்று ஓடிவருவார்கள். இரண்டு மாதம் கஞ்சி, நாலு நாள் நம் ஊர்க் குழம்பு, இன்றைக்கு அல்வா: ஊர் ஒரு நிமிஷத்தில் முடிவுகட்டிவிட்டது. நோய் தெளிந்துவிட்டது. பிழைத்து எழுந்தவன் வீட்டு நினைப்பு வந்து சொந்த ஊர்க் குழம்பு கேட்டிருக்கிறான், அந்தப் புண்ணியவதியும் மனமிரங்கி, போய்வாருங்கள் என்று இனிப்புக் கிண்டி வழியனுப்புகிறாள்.

"வாராவ ஏளா, ஒன் மாப்பிள்ள வாராவ" என்று லெயோனாள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

மெட்டில்டா நம்பினாள். நேற்றுவரை எல்லாம் தெரிந்தவளாக இருந்தவள், நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு நம்பினாள். தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள், ஜெனிஷாவுக்குத் திருநாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டாள், சட்டி நிறைய இருந்த அல்வாவைத் தாம்பாளத்தில் பரப்பிக்கொண்டு வீடுவீடாகப் போனாள். அவியளுக்குச் சுகமாயிட்டு, வாராவ, என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். நாங்களும் வாங்கிச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். சாமியாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

தொபியாஸ் கடற்கரையில் வலை கட்டிக்கொண்டிருந்தான். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. அவள் தாம்பாளத்தை நீட்டியதும் கை நீட்டியவன், மணம் பட்டதும் கையை இழுத்துக்கொண்டான். அல்வாவின் ஓரங்கள் கரண்டி முனையால் வரிவரியாக அழுத்தப்பட்டிருந்ததைப் பார்த்தான். பிறகு அவளுடைய தலையில் இருந்த பூவைப் பார்த்தான்.

"எடுத்துக்கிடுங்க. ஒங்க கூட்டாளி வாராவ."

"இரிங்க மைனி" என்றான் தொபியாஸ். "மொதல்ல இரிங்க."

அவள் மணலில் உட்கார்ந்தாள். அவன் தாம்பாளத்தை அவள் கையிலிருந்து வாங்கி வலையின்மேல் வைத்தான்.

"அங்க இத யாரும் சந்தோசத்துக்குக் கிண்டமாட்டாவ மைனி. அடக்கத்தன்னைக்குக் கிண்டுவாவ. எறந்தவியளுக்கு இந்த மணம் போய்ச் சேரும்னு சொல்லி, வாரவிய எல்லாத்துக்கும் குடுப்பாவ."

 மெட்டில்டாவின் பின்னால் ஊர் முழுக்க அல்வா சாப்பிட்ட வாயோடு இருந்தது.

"நான் அந்த வீட்டுல சாப்பிட்டிருக்கேன்" என்றான் தொபியாஸ். அவன் அழுதுகொண்டிருந்தான். "ஒங்ககிட்ட ஓட்டல்னு பொய் சொன்னேன். எத்தன மட்டம் அந்தப் பாயில இருந்து சாப்பிட்டிருக்கேன் மைனி."

"பிள்ள?"

"பையன்னு கேள்விப்பட்டேன். ஏழு வயசு இருக்கும்."

"ம்."

"அவ பேரு..."

"பேரு வேண்டாம்" என்றாள் மெட்டில்டா. பிறகு, "அங்க துக்க வீட்டுக்குச் சோறு கொண்டு குடுப்பாவளா? இல்ல அவளே பொங்கணுமா?" என்று கேட்டாள்.

"குடுப்பாவ மைனி. பக்கத்து வீட்டுக்காரவிய குடுப்பாவ. அவள அடுப்புப் பக்கம் விடமாட்டாவ."

அவள் சரி என்று தலையசைத்தாள். பூவை எடுத்து மணலில் வைத்தாள். அரைமணி நேரத்தில் கோயிலில் துக்கமணி அடித்தது. அவன் எந்த மதத்தில் செத்தான், உடல் எங்கே, தாள் எங்கே என்று சாமியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தானே கயிற்றைப் பிடித்து அடித்தார் என்று சொல்வார்கள். மணி சத்தம் கேட்டதும் அல்வா சாப்பிட்டவர்களில் பலபேர் வாய் கொப்பளித்தார்கள், பிறகு அப்படிச் செய்ததற்காக வருத்தப்பட்டார்கள், ஏனென்றால் செத்தவனுக்காகக் கொடுத்ததைத்தானே வாங்கிச் சாப்பிட்டோம், அந்த ஊர் முறைப்படி அதுதானே சரி.

அடுத்த ஏழு நாள் மெட்டில்டா பற்றவைத்த அடுப்பு எரியவில்லை. தீக்குச்சி எரியும், விறகில் வைத்தால் அணைந்துவிடும். அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, அதனால் இந்த வீட்டிலும் எரியவில்லை என்று நாங்கள் புரிந்துகொண்டு, முறைவைத்துக் கஞ்சியும் துவையலும் கொண்டுபோய் வைத்தோம். ஒன்பது வருஷம் எங்களுக்கு அள்ளிக் கொடுத்த வீடு, வாங்கித் தின்றவர்கள் எல்லோரும் தலைகுனிந்து கொண்டுபோய் வைத்தோம். மெட்டில்டா அழவே இல்லை. வருகிறவர்களுக்குப் பாய் விரித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஏழாம் நாள் பூசையிலும் அழவில்லை. கல்லாய்ப் போய்விட்டாள் என்றாள் லெயோனாள்.

எட்டாம் நாள் அடுப்பு பிடித்தது.

விளமீன் வாங்கி வந்தாள். தேங்காய் துருவினாள், ஒரு கை பச்சரிசியைச் சிவக்க வறுத்தாள், கறிவேப்பிலை ஆய்ந்தாள், அம்மியில் உட்கார்ந்து வெகுநேரம் அரைத்தாள். புளி கரைத்து ஊற்றி, மீனைப் போட்டு மூடினாள். பன்னிரண்டு மணிக்கே கொதித்துவிட்டது. மூன்று மணிவரை காத்திருக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, மூடியைத் திறந்தாள். விளமீன் விளமீனாகவே கிடந்தது. கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிப் பார்த்தாள், அவள் போட்டதைத் தவிர ஒன்றும் அதில் இல்லை.

துக்கம் கழிந்து இன்னும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததால் ஜெனிஷா வீட்டில்தான் இருந்தாள். பதினோரு வயதுப் பெண், நினைவு தெரிந்து அம்மா சமைத்ததை அவள் சாப்பிட்டதே இல்லை. தட்டின்முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வாய் வைத்து, இன்னொரு வாய் வைத்து, உறைப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வர, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா மக்கா?"

"போதும்" என்றாள் ஜெனிஷா. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, வேறு யார் வீட்டிலோ சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்களே அந்த மாதிரி, சிரித்த முகமாக, "ரொம்ப நல்லாருந்துச்சு" என்றாள்.

மெட்டில்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். கஸ்பாரின் பெயரைச் சொல்லி அழுதாள், பிறகு எவள் பெயர் வேண்டாம் என்று சொன்னாளோ அவளை, பெயர் இல்லாமலேயே, ஏட்டி ஏட்டி என்று கூப்பிட்டு அழுதாள்.